அமுக்காத சிப்பாய்

சேர்,

பிளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, அந்த வாசம் வந்துவிட்டது. சூடேறும் ட்ரான்ஸ்போமரும் அதன் மேல் வருசக்கணக்காகப் படிந்த தூசியும் சேர்ந்து மெல்லக் கருகும் வாசம். கடைக்குப் போன் திருத்த வந்திருந்த ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னவோ எரியுது என்று என் மகனிடம் சொன்னாள். ஒன்றும் எரியவில்லை, ஹாஜியார் எழும்புகிறார் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஹாஜியார் யார் என்று அறிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

உங்களுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இருபது வருசத்துக்கு மேல் ஒரே ஊரில் இருந்தோம், எழுதத் தேவை வரவில்லை. நீங்கள் யாழ்ப்பாணம் போன பிறகு போன் இருந்தது. போன வருசம் நீங்கள் காலமான செய்தியும் போனில்தான் வந்தது. எழுபத்தேழு வயதில் நான் பேனையைத் தேடி எடுத்ததற்குக் காரணம் உங்கள் மகள்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார் பாருங்கள், அச்சு நீங்களேதான். துணிப் பையிலிருந்து உங்கள் கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்தார். நீல மட்டை, உள்ளே சதுரக் கோடு, முதுகில் நீங்கள் ஒட்டிய காக்கித் துணி. எல்லாம் அப்படியே இருக்கிறது.

"மாமா, இதில அப்பா என்ன எழுதி வைச்சிருக்கிறார் எண்டு எனக்கு விளங்கேல்லை. எல்லாம் கட்டமும் புள்ளடியுமாக் கிடக்கு. ஆனா இதுக்குள்ள இது இருந்தது" என்று மடித்த தாள் ஒன்றை விரித்தார்.

மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்டிக் கந்தோரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீங்கள் எழுதிய மாற்றல் விண்ணப்பம். எல்லா இடமும் நிரப்பி, கீழே கையெழுத்தும் வைத்திருக்கிறீர்கள். கந்தோர் முத்திரை விழ வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

"அம்மா கடைசி மட்டும் கந்தோர் மாற்றல் தரேல்லை எண்டுதான் நம்பிக்கொண்டிருந்தவ. அப்பா இதைக் குடுக்கவேயில்லை மாமா. ஏன் எங்களிட்ட வரேல்லை? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"கொப்பியப் பாத்துட்டுச் சொல்றேன் மகள். வெள்ளிக்கிழமை வாங்க, எங்கட வீட்டுச் சோறு தின்னலாம்" என்றேன். பேராதனையில் சிநேகிதி வீட்டில் தங்கியிருக்கிறார். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

பதில் எனக்குக் கொப்பியைப் பார்க்காமலே தெரியும் என்றுதான் இருந்தேன், சேர். உங்களைப் பெண்சாதி பிள்ளையிடம் போகவிடாமல் கண்டியில் நிறுத்தி வைத்தது நான். இந்தக் கையின் இந்த ஒற்றை விரல். நாற்பது வருசமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அலுமாரிக்குள் கிடந்த ஹாஜியாரை எடுத்து, அந்தப் பக்கத்தில் உள்ள நிலையை வைத்து, லெவல் ஏழில் விட்டிருக்கிறேன். அது யோசித்து முடிப்பதற்குள் இதை எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

அது வந்த கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். சவூதியிலிருந்து லீவில் வந்த மச்சானிடம் நல்ல சோல்டரிங் அயன் ஒன்று கேட்டிருந்தேன். அவன் கொண்டுவந்தது செஸ் விளையாடும் மெசின். "மச்சான், இது தனியா வெளையாடுது, ஆளே தேவல்ல" என்றான். ஆள் தேவையில்லாத விளையாட்டு எனக்கு என்னத்துக்கு? கடைக் கண்ணாடி அலுமாரியில், திருத்திய மணிக்கூடுகளுக்கும் ரேடியோக்களுக்கும் நடுவில் வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து நீங்கள் ஓடாத ஒரு எலாம் மணிக்கூட்டோடு வந்தீர்கள். நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவர் என்று விரலில் இருந்த கறுப்பு மையே சொன்னது.

"உது விளையாடுமோ?"

"வெளையாடும் சேர். என்னைத் தோற்கடிச்சிக்கிட்டே இரிக்கி."

உட்கார்ந்தீர்கள். உங்களையும் தோற்கடித்தது. இரண்டாம் முறையும் தோற்றீர்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், மறைப்பானேன். நீங்கள் கோபிக்கவில்லை. ராஜாவைச் சாய்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "நானும் நீரும் தோக்கிறது ஒரு காரியமே, நானா? பெரிய ஆக்கள் கண்டதை இது காணுமோ எண்டு பாப்பம்."

அப்படித்தான் தொடங்கியது. என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னை நானா, அண்ணன் என்று கூப்பிடுவீர்கள். மரியாதைக்கு நானா, உரிமைக்கு நீர். அடுத்த வாரமே இந்தக் கொப்பியோடு வந்தீர்கள். மட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்தும் ஞாயிறு பத்திரிகைத் துண்டுகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த ஐம்பத்தேழு நிலைகள். நூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவில் கோப்பிக் கடைகளிலும் போட்டி மண்டபங்களிலும் ஆடிய ஆட்டங்கள். ஒவ்வொன்றிலும், பார்த்தவர்கள் வாய்பிளந்த ஒரு நகர்வு இருக்கும். அந்த நகர்வுக்கு முந்திய நிலையை அப்படியே ஹாஜியாருக்கு வைத்து, அதே நகர்வை அதுவாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜித்தாவில் வாங்கி வந்த சாமான் என்பதால் அந்தப் பெயரை வைத்தவர் நீங்கள். "ஹச்சுக்குப் போகாமலே ஹாஜியார் ஆன ஒரே ஆள் இவர்தான்" என்று என்னைச் சீண்டுவீர்கள்.

வெள்ளிக்கிழமைதான் நமக்குத் தோதாக வந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் வருவீர்கள். கடையை உங்களிடம் விட்டுவிட்டு நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போவேன். போகுமுன் நிலையை வைத்துவிடுவோம். குத்பாப் பிரசங்கம் முடிந்து தொழுதுவிட்டு நான் திரும்பும்போது ஹாஜியார் பதில் வைத்திருப்பார், இல்லாவிட்டால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார். மடவளையில் எங்கள் வீட்டிலிருந்து என் பெண்சாதி கட்டிக் கொடுத்த பையில் இரண்டு சோற்றுப் பொதி இருக்கும். நூல் சுற்றியது உங்களுடையது. வெள்ளிக்கிழமை நீங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டீர்கள் என்று அதில் பருப்பும் பொலஸ் என்கிற பலாப்பிஞ்சுக் கறியும் வைத்திருப்பாள். கைமாறிப் போகக் கூடாதென்று மூன்று முடிச்சுப் போட்டிருப்பாள்.

வேலையையும் பிரித்துக்கொண்டோம். கட்டத்தில் காய் வைப்பது நீங்கள். கரண்டும் பொத்தானும் என் பாடு. எந்த லெவலில் யோசிக்க வேண்டும் என்று நான்தான் அமுக்குவேன். லெவல் ஒன்று என்றால் கண்மூடித் திறப்பதற்குள் ஆடும், ஏழு என்றால் ஒரு மணித்தியாலம் அளவில் போகும். அமுக்கும் நேரம் மட்டும் எண் தெரியும், விரலை எடுத்தால் மறைந்துவிடும்.

ஒவ்வொரு காயையும் அதன் சதுரத்தில் வைத்து அழுத்த வேண்டும். அழுத்தினால் பீப் என்று ஒரு சத்தம் வரும், ஹாஜியார் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். சில சதுரங்கள் தேய்ந்துபோய்ச் சரியாக அமுங்காது. நம் கண்ணுக்குக் காய் நிற்கும், ஹாஜியாருக்கு அங்கே வெறும் சதுரம். எத்தனை வெள்ளிக்கிழமை அப்படிப் பாழானது. அதற்காகவே ஒரு சட்டம் போட்டீர்கள். அமுங்காத காயைக் கண்டால் கொப்பியில் அந்தக் காயைச் சுற்றி வட்டம் போட வேண்டும், அந்தப் பரீட்சை செல்லாது, திருப்பிச் செய்ய வேண்டும். "வைச்சது கணக்கில்லை நானா, அமுக்கினதுதான் கணக்கு" என்பீர்கள்.

நிலைகளை வீட்டிலிருந்தே இந்தியன் மையில் கீறிக்கொண்டு வருவீர்கள். அந்த மைக்குப்பியைக் கடைக்குக் கொண்டுவந்ததே இல்லை, என் மேசையில் கொட்டுப்படும் என்று பயம். கடையில் எழுதுவதெல்லாம் சிவப்பு பென்சிலிலும் பச்சை பென்சிலிலும்தான். கண்டுபிடித்தால் பச்சைச் சரி, காணாவிட்டால் சிவப்புப் புள்ளடி, பக்கத்தில் லெவலும் நிமிடமும். முத்திரை அளவு கட்டத்துக்குள் காய்கள் அத்தனையையும் எழுத்தாக அடக்குவீர்கள். பூதக்கண்ணாடி வைத்து மணிக்கூடு திருத்துகிற எனக்கே அதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

பிறகு எண்பத்து மூன்று வந்தது.

அந்த நாட்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை, இப்போதும் நிறையச் சொல்லப் போவதில்லை. கட்டுகஸ்தோட்டையில் உங்கள் வாடகை வீட்டு வாசலுக்குத் தமிழரைத் தேடி ஆட்கள் வந்தபோது, வீட்டுக்காரச் சிங்கள நோனா முன்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர்கள் நேற்றே போய்விட்டார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பின்கதவால் உங்களை ஏற்றிக்கொண்டு போக நான் வந்தது மாமா மகனின் பேக்கரிப் பாண் வேனில். தட்டுகளுக்குப் பின்னால் நீங்களும் உங்கள் பெண்சாதியான அக்காவும் ஒன்பது வயது மகளும் குனிந்து இருந்தீர்கள். மடவளைக்கு வந்து இறங்கியதும் அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "பாருங்கோ நானா, தாலிக்கொடிப் பெட்டியை விட்டுப்போட்டு உந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுசன்."

பதினொரு நாள் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். நிலைமை தணிந்ததும் அக்காவும் மகளும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார்கள். மாற்றல் கிடைத்ததும் நீங்கள் போய்ச் சேருவதாகப் பேச்சு. பஸ் ஜன்னலால் கையை நீட்டி அக்கா என்னிடம் சொன்னார்: "இவரைக் கெதியா அனுப்பி வைச்சிடுங்கோ நானா. தானாக் கிளம்புற ஆள் இல்லை." நான் ஓம் அக்கா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

விண்ணப்பத் தாளை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தீர்கள். கேட்டால், நாளைக்கு என்பீர்கள். மை காயவில்லை என்று ஒரு நாள் பகிடி விட்டீர்கள். அக்காவின் கடிதங்கள் கிழமைக்கு ஒன்று வந்தன. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தாளை எடுத்து ஹாஜியாரின் பக்கத்தில் வைத்தீர்கள்.

"இண்டைக்கு ஐம்பத்தேழாவது. லெவல் ஏழு. ஹாஜியார் கண்டுபிடிச்சால் திங்கக்கிழமை இதைக் குடுக்கிறன். காணாட்டி நிக்கிறன்."

"என்ன சேர், வெளையாட்டா இது? பொண்டாட்டி புள்ளட விசயம்" என்றேன்.

"விளையாட்டில்லை. எனக்கு முடிவெடுக்கத் தெரியேல்லை நானா. தெரிஞ்ச ஆளிட்டக் கேப்பம்."

ஐம்பத்தேழாவது நிலை உங்களுக்கு உயிர். வெள்ளை தன் ராணியை யாரும் கேட்காமலே கொண்டுபோய்க் கறுப்பின் கோட்டைக்கு முன்னால் வைத்துக் கொடுத்துவிடும். கறுப்பு எடுத்தாலும் மேட், எடுக்காவிட்டாலும் மேட். முதல் நாள் அதைக் காட்டும்போது சொன்னீர்கள்: "எல்லாரும் ராணியைத்தான் பாப்பினம். நீர் இந்தச் சிப்பாயைப் பாரும். ராசா ஓடுற கதவைப் பூட்டிக்கொண்டு நிக்குது. இது இல்லாட்டி ராணி செத்தது சும்மா." கறுப்பு ராஜாவின் வாசலடியில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைச் சிப்பாய் அது. லெவல் ஐந்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்தோம், ஹாஜியார் காணவில்லை. ஏழில் வைத்ததே இல்லை என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள்.

நான் வைத்திருந்தேன், சேர். அதற்கு முந்திய பௌர்ணமி லீவான போயா தினத்தன்று கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வைத்துப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று நிமிடத்தில் ராணியைத் தூக்கிக்கொண்டுபோய் அதே சதுரத்தில் வைத்தது. உங்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, சொல்லாமல் வைத்திருந்தேன். ஆகவே ஏழில் விட்டால் ஹாஜியார் என்ன சொல்வார் என்று அந்த மேசையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நீங்கள் போய்விடுவீர்கள்.

எனக்கு நீங்கள் போகக் கூடாது. அவ்வளவுதான், வேறு நியாயம் கிடையாது. பல்பும் பற்றரியும் தவிர வேறு பேச்சுப் பேச எனக்கு இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். பஸ் ஜன்னலில் அக்காவுக்கு ஓம் என்று சொன்ன அதே வாயை மூடிக்கொண்டு, விரலைப் பொத்தானில் வைத்து மூன்று என்று காட்டியதும் எடுத்துவிட்டேன். நீங்கள் கொப்பியில் குனிந்திருந்தீர்கள். தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். அன்றைய குத்பாவில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

பாதி வழியில்தான் உறைத்தது. லெவல் மூன்று என்றால் இரண்டு நிமிடத்தில் ஆடிவிடுமே, நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்களே. பிடிபட்டுப் போனேன் என்று எண்ணிக்கொண்டுதான் திரும்பி வந்தேன். நீங்கள் அமைதியாகக் கதிரையில் இருந்தீர்கள்.

"காணேல்லை நானா. கோட்டையை ஒரு சதுரம் நகர்த்தி இருக்கு. தபால் கந்தோருக்கு ஒருக்காப் போட்டு வந்து பாக்க, ஆடி முடிச்சிட்டுது."

அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன். அந்த வார்த்தையை அந்த இடத்தில் சொன்னதற்கு அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் தாளை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்தீர்கள். "ஹாஜியார் சொன்னால் சொன்னதுதான்" என்று பொதியின் மூன்று முடிச்சையும் அவிழ்த்தீர்கள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள். எனக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமைகள். கடையைத் திறந்தால் சுடுவோம் என்று கிளர்ச்சிக்காரர் கடதாசி ஒட்டிய காலத்தில் உள்ளே பூட்டிக்கொண்டு பற்றரியில் ஹாஜியாரை ஓட்டினோம். நீங்கள் தமிழர் என்று பொலிஸில் பதிந்த துண்டை எப்போதும் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருப்பீர்கள். சந்தியில் மறித்தால் கண்ணாடியையும் துண்டையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பீர்கள். வருசத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணம் போய் வந்தீர்கள். பிறகு சண்டை பெருத்து ரயில் நின்றது, பாதை மூடியது, அதுவும் இல்லாமல் போனது.

அக்கா மவுத்தான கடிதம் பத்தொன்பது நாள் கழித்து வந்தது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். கடிதத்தை என் கையில் தந்துவிட்டு நீங்கள் காய்களை எடுத்து வைக்கத் தொடங்கினீர்கள். எந்த நிலையும் இல்லை, ஆட்டத் தொடக்கத்தில் வைப்பதுபோல வரிசையாக. ஒவ்வொன்றாக அழுத்தினீர்கள். முப்பத்திரண்டு பீப். நான் எண்ணினேன், வேறு என்ன செய்ய? பத்தொன்பது நாளைக்கு முந்தியே தகனம் முடிந்திருந்தது. அந்த நாட்களில் நாம் இருவரும் பருப்பு வடை தின்று சிரித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சேர், லெவலைக் குறைத்தது நான், இல்லாவிட்டால் நீங்கள் அவர் பக்கத்தில் இருந்திருப்பீர்கள் என்று. அதற்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்த ஒவ்வொரு வெள்ளியும் முந்தியதைவிடக் கஷ்டமாகப் போனது.

பாதை திறந்த வருசம் நீங்கள் பென்சன் எடுத்துக்கொண்டு மகளிடம் போனீர்கள். பஸ் நிலையத்தில் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று, "சேர், ஒரு விசயம்" என்று தொடங்கினேன். என் தோளில் கையை வைத்தீர்கள். "ஹாஜியாரைக் குறை நினைக்காதையும் நானா. அவர் சரியாத்தான் யோசிச்சவர்" என்றீர்கள். என்ன மனுசன் இவர், இந்த நேரத்திலும் மெசினைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பஸ் போய்விட்டது.

இனி இன்றைக்குக் காலையில் நான் பார்த்த பக்கம்.

ஐம்பத்தேழு. லெவல் ஐந்தில் பார்த்தது முந்திய பக்கத்தில் இருக்கிறது, இது அந்த வெள்ளிக்கிழமைக்கென்று புதிதாகக் கீறிய கட்டம். உங்கள் முத்துக் கையெழுத்து. சிவப்புப் புள்ளடி. அதன் பக்கத்தில் சிவப்பு பென்சிலில்: லெவல் 3, நிமிடம் 2.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். மூன்று, இரண்டு. தபால் கந்தோருக்கு நீங்கள் போகவே இல்லை. எப்படிப் போவீர்கள், கடைச் சாவி என் சட்டைப் பையில் அல்லவா இருந்தது? திறந்த கடையைப் போட்டுவிட்டுப் போகிற ஆளா நீங்கள்? இரண்டு நிமிடத்தில் ஹாஜியார் ஆடியதைப் பார்த்து, பொத்தானை அமுக்கி மூன்று என்று கண்டு, எழுதியும் வைத்திருக்கிறீர்கள். நான் செய்த திருட்டு அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்.

அதோடு முடியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக் கட்டத்தைப் பார்த்தேன். கறுப்பு ராஜாவின் வாசலடியில் நிற்கும் அந்த வெள்ளைச் சிப்பாய். அதைச் சுற்றி ஒரு வட்டம்.

அமுங்காத காய்க்குப் போடும் வட்டம். பரீட்சை செல்லாது, திருப்பிச் செய்ய வேண்டும் என்ற வட்டம். நாம் திருப்பிச் செய்யவில்லை, அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தை நீங்கள் என் கண்ணில் காட்டியதே இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அவசரத்தில் அமுங்காமல் போய், பிறகு கவனித்துப் போட்டிருப்பீர்கள் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் வட்டம் பென்சிலில் இல்லை, சேர். இந்தியன் மையில் இருக்கிறது. கட்டம் கீறிய அதே மை, அதே மெல்லிய பேனை. அந்த மை என் கடைக்கு வந்ததே இல்லை. சிவப்புப் புள்ளடியின் நுனி அந்த மைக்கு மேலால் ஏறிப் போயிருக்கிறது, ஆகவே வட்டம்தான் முந்தியது. வீட்டில், முதல் நாளே, கட்டத்தோடு சேர்த்துக் கீறிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சிப்பாயை வைப்பது, அமுக்காமல் விடுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான், முடிவெடுக்கத் தெரியவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரு பீப் குறைந்ததை நான் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பேன், நான் என் திருட்டில் மும்முரமாக இருந்தேன். ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரே காரியத்துக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேரும் கள்ளம் செய்திருக்கிறோம். காலையில் இதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். மகன் திரும்பிப் பார்த்தான். பிறகு அழுகை வந்துவிட்டது, பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கோபமும் இருக்கிறது, சொல்லாமல் விடமாட்டேன். நாற்பது வருசம், சேர். அக்கா மவுத்தான கடிதம் வந்த அன்று என் முகத்தைப் பார்த்தீர்களே, அதில் என்ன எழுதியிருந்தது என்று படம் கீறுகிற உங்களுக்குத் தெரியாதா? என் பாரத்தில் பாதியையாவது வாங்கியிருக்கலாமே. "நானா, நானும்தான்" என்று இரண்டு சொல். பஸ் நிலையத்தில் சொன்னதுதான் அதுவா? ஹாஜியார் சரியாகத்தான் யோசித்தார் என்றால் என்னவென்று இந்த மரமண்டைக்கு எப்படி விளங்கும்?

ஏன் போக விருப்பமில்லை என்று மட்டும் கொப்பியில் எங்கும் இல்லை. கந்தோர் வேலையா, இந்த ஊரா, எனக்காகவா, அக்காவோடு ஏதும் மனக்கசப்பா, ஒன்றும் தெரியாது. கேட்க நீங்கள் இல்லை. எனக்காக என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது, ஆனால் அதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை.

இதோ, பீப். ஹாஜியார் முடித்துவிட்டார். ஒரு மணித்தியாலமும் பதினொரு நிமிடமும். இன்றைக்கு நான் அந்தச் சிப்பாயை நீங்கள் செய்தது போலவே வைத்தேன், அமுக்கவில்லை. லெவல் முழு ஏழு. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கோட்டை. ஒரு சதுரம். அன்றைக்கு ஆடிய அதே நகர்வு.

ஆக நான் மூன்றில் வைத்தாலும் ஏழில் வைத்தாலும் ஒன்றுதான். நீங்கள் போயிருக்கமாட்டீர்கள். என் விரலுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் மகள் வருவார். என் பெண்சாதி இல்லாத வீட்டில் இப்போது மருமகள்தான் சமைக்கிறாள். வெள்ளிக்கிழமை, நூல் கட்டிய பொதி ஒன்று வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பிட்டு முடிய அவர் கேட்பார், ஏன் அப்பா வரவில்லை என்று. கட்டத்தைக் காட்டி இது என்ன புள்ளடி, இது என்ன வட்டம் என்றும் கேட்பார். அவருடைய அப்பா, வர முடிந்தும் வர விரும்பாத மனுசன் என்று அந்தப் பிள்ளைக்கு நான் எந்த வாயால் சொல்ல? ஐம்பது வயதானாலும், பாண் தட்டுகளுக்குப் பின்னால் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்த பிள்ளைதானே எனக்கு.

மாற்றல் தாளைக் கொடுக்க உங்கள் அப்பா தயாராக இருந்தார் மகள், அவரை நிறுத்தியது நான் என்று சொல்வேன். அவர் போகக் கூடாதென்று லெவலைக் குறைத்து வைத்தேன், இதோ பாருங்கள், மூன்று என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார் என்று காட்டுவேன். நான் செய்தது அதுதானே, அதில் பொய் இல்லை. ஏசினால் ஏசட்டும், சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாலும் போகட்டும். நாற்பது வருசம் தூக்கிப் பழகிய தோள், இன்னும் கொஞ்சக் காலம் தூக்கும்.

வட்டத்தைப் பற்றிக் கேட்டால், அது மை சிந்தியது என்பேன். ஒரு நாளும் மை சிந்தாத மனுசனைப் பற்றி அப்படிச் சொல்வதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிப்பாய் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது, சேர். நாளைக்கு உங்கள் மகள் முன்னால் மற்றக் காய்களோடு அதையும் அதன் சதுரத்தில் வைப்பேன். அமுக்க மாட்டேன்.

உங்கள்
நானா